முதுகில் ஜிப் வைத்த மிருகம்

எங்கள் கம்பெனியின் பேய்ப்படங்களைப் பார்த்த என் வயதுக்காரர்கள் இன்றைக்கும் சிரிப்பார்கள். நூலில் தொங்கும் வௌவால், உதைத்தால் ஆடும் அட்டைக் கோட்டை, சோப்பு நுரையில் சதுப்பு நிலம். எல்லாம் உண்மைதான். மிருகத்தின் முதுகில் ஜிப் தெரிந்ததும் உண்மை. ஆனால் அதை யாரோ கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று சொல்வது தவறு. உடை அறை என் பொறுப்பில் இருந்தது.

மிருகமாக நடித்தவர் எங்கள் தச்சர். செட்டுக்குக் கதவு ஜன்னல் அடிப்பவர். எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவார் என்பதால் நெட்டையன் என்போம். முதலாளி தைக்க வைத்தது ஒரே ஓர் உடை; சாக்குத் துணியில் சணல் ஒட்டி, மேலே ரப்பர் முகமூடி. அது அவருக்குத்தான் பொருந்தியது. அடுத்த படத்துக்குக் கொம்பு வைத்தோம், அதற்கடுத்ததற்கு வால். உள்ளே ஆள் மாறவில்லை. டைட்டிலில் அவர் பெயரும் வரவில்லை.

முதல் படத்துக்கு மனைவியையும் ஐந்து வயது மகளையும் அழைத்துப் போனார். மிருகம் வந்ததும், "அதுதான் அப்பா" என்று பெருமையாகக் காட்டினார். அதிலிருந்து குழந்தை அவர் கிட்டேயே போகவில்லை. வேலை முடிந்து வந்தால் அம்மாவின் புடவைக்குள் ஒளிந்துகொண்டது. அவர் ஊட்டினால் வாயைத் திறக்கவில்லை.

"சம்பளத்துக்கு உறுமினேன் அண்ணே, வீட்டுல நெஜமாவே பேயாயிட்டேன்" என்றார். சிரிக்கத்தான் முயன்றார்.

ஒரு மதியம் மகளை உடை அறைக்குத் தூக்கி வந்தார். உடை கொக்கியில் தொங்கியது. குழந்தையின் விரலைப் பிடித்து ஜிப்பை இழுக்க வைத்தார். அது தயங்கித் தயங்கி உள்ளே தலையை நீட்டியது.

"அப்பா வாசனை வருது."

வேர்வையும் மரப்பசையும். வேறென்ன வரும்?

"இந்த ஜிப்பு தெரிஞ்சா உள்ள அப்பாதான் இருக்கேன்னு அர்த்தம். பயப்படக் கூடாது, என்ன?"

"தெரியலேன்னா?"

"தெரியும்டா கண்ணு. நான் காட்டுறேன்."

ஜிப் தெரியாமலிருக்க நான் சணல் பட்டை ஒன்று தைத்திருந்தேன். ஒவ்வொரு படத்திலும் அதைப் பிய்த்துவிட்டு, ஏதாவது ஓரிடத்தில் கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்பார்.

"யோவ் நெட்டை! கதாநாயகியைத் தூக்க வந்தியா, சட்டை அளவு குடுக்க வந்தியா?" என்று டைரக்டர் கத்துவார்.

"முகமூடிக்குள்ள கண்ணு தெரியல சார், திசை தப்பிடுச்சு."

முதலாளிக்கு பிலிம் என்றால் உயிர். மறுபடி எடுக்க விடமாட்டார். எடுத்ததில் ஓர் அடிகூட வீணாக்க மாட்டார். ஜிப் அப்படியே திரைக்குப் போகும். கொட்டகையே சிரிக்கும்போது முன்வரிசையில் ஒரு குழந்தை மட்டும், "அப்பா! அப்பா!" என்று கைதட்டும்.

குழந்தை வளர்ந்து பெரிய பள்ளிக்கூடம் போனது. அங்கே பிள்ளைகள் அவள் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்து, "ஜிப்பு, ஜிப்பு" என்று கூச்சல் போட்டார்கள். ஒரு சாயங்காலம் அழுதுகொண்டே வந்து, "இனிமே திரும்பாதீங்கப்பா. மானம் போகுது" என்றாளாம். "சரிம்மா" என்றதோடு அவர் நிறுத்திக்கொண்டார் என்று அவர் மனைவி சொன்னார்.

அடுத்த படத்துக்கு அவரே ஊசியும் நூலும் கொண்டுவந்து நீட்டினார். "நல்லா இறுக்கித் தைச்சிடுங்க அண்ணே."

"இப்பதான்யா நீ நடிகன்!" என்று டைரக்டர் முதுகில் தட்டினார்.

அதுவே கம்பெனியின் கடைசிப் படம். நெட்டையன் மரக்கடையில் கதவு இழைக்கப் போனார். பழைய சுருள்கள் கிடங்கில் மழைத் தண்ணீர் புகுந்து ஒட்டிப்போய்க் குப்பைக்குப் போயின. மிஞ்சியது அந்தக் கடைசிப் படம் ஒன்றுதான்.

நெட்டையன் போன வருஷம் நெஞ்சில் மரத்தூள் அடைத்து இறந்தார். சில மாதம் கழித்து, பழைய பேய்ப்படங்களைத் தேடிப் பார்க்கும் இளைஞர்கள் அந்தப் படத்தைத் திரையிட்டார்கள். மகள் என்னையும் அழைத்துப் போனாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. வௌவாலின் நூல் தெரிந்ததும் இளைஞர்கள் விசில் அடித்தார்கள். கேலியாக அல்ல, ஆசையாகத்தான். அவள் சிரிக்கவில்லை. நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள். மிருகம் வந்தது, உறுமியது, அட்டைக் கோட்டையோடு எரிந்தது. முகத்தை நேராகவே வைத்திருந்தது.

விளக்கு போட்டார்கள்.

"ஒரு தடவையாவது திரும்புவார்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஏன் மாமா திரும்பல?"

தான் சொன்னதை மறந்துவிட்டாளா, என் வாயால் கேட்க நினைத்தாளா, தெரியவில்லை.

"திரும்பினார்மா. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். அந்த இடத்தை வெட்டிட்டாங்க" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

அந்தப் படத்தில் எதையும் வெட்டவில்லை. வெட்டுகிற அளவுக்கு எங்களிடம் பிலிம் இருந்ததே இல்லை.