உதவியாளர் இடத்தில் பாய்

பாய் ஹாரனை இரண்டு முறை அடிப்பார். உணவு வண்டியின் சட்டியில் மீ கோரேங் நூடுல்ஸ் புரண்டுகொண்டிருக்கும்போதே, சமையல் பக்கத்துக்கும் ஓட்டுநர் இருக்கைக்கும் நடுவில் இருந்த திறப்பில் இடது கையை நீட்டி ஸ்டீயரிங்கை அழுத்துவார். வலது கை கரண்டியை விடாது. எதிர் அடுக்குமாடியின் இரண்டாவது மாடியில் திரைச்சீலை அசையும். கொஞ்ச நேரத்தில் அக்கா ஏப்ரனைக் கட்டியபடியே படியிறங்கி ஓடி வருவார், தொப்பி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். தெருமுனையில் திரும்பிய நகர மன்ற அதிகாரியின் வெள்ளைக் கார் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்போது, கரண்டி அக்காவின் கையில் இருக்கும், பாய் ஓரமாக நின்று பரம சாதுவாக வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருப்பார். அதிகாரி கண்ணாடிக்குள் மாட்டியிருந்த லைசென்ஸில் உள்ள படத்தைப் பார்ப்பார், அக்காவின் முகத்தைப் பார்ப்பார், தலையாட்டிவிட்டுப் போவார். கார் மறைந்ததும் பாய், "குடும்மா, மீ கருகுதுலா" என்று கரண்டியைப் பிடுங்கிக்கொள்வார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். அந்த அதிகாரிக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? அந்தத் தெருவில் வண்டி போட்டிருந்த எல்லாருமே அப்படித்தான் பிழைத்தோம்.

ஈப்போவுக்கு வெளியே, ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில் எழுந்த குடியிருப்பு அது. நான் பிறந்த லயம் இருந்த இடத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள். அதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை, அந்த லயத்துக் கூரை ஒழுகாத நாள் கிடையாது. கமுந்திங்கில் தொழிற்சாலை வேலை போன பிறகு திரும்பி வந்து சும்மா உட்கார்ந்திருந்தவளை, "தங்கச்சி, வெங்காயம் உரிக்கத் தெரியுமா?" என்று கேட்டு வேலைக்கு வைத்துக்கொண்டவர் பாய். அவரை ஊரே பாய் என்றுதான் கூப்பிட்டது. அவர் மனைவியை நான் அக்கா என்றேன். அவர்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவள் தைப்பிங்கில் விடுதியில் தங்கிப் படித்தாள். நான்கு பேரின் சோறும் பிள்ளைகளின் படிப்பும் அந்த ஒரு வண்டி. என் சோறும்தான்.

உணவு வண்டி என்றால் ஏதோ அடுப்பை ஏற்றி ஓட்டிப் போய்க் கண்ட இடத்தில் நிறுத்தி விற்கலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும். ஊசி போட்டிருக்க வேண்டும், உணவு கையாளும் வகுப்புக்குப் போயிருக்க வேண்டும், கழுவுகிற தண்ணீரில் எண்ணெயைப் பிடித்து நிறுத்தத் தொட்டி வேண்டும், மேசை நாற்காலி போடக் கூடாது, குறித்துக் கொடுத்த கட்டத்தை விட்டு ஒரு சக்கரம் தாண்டக் கூடாது. வியாபாரம் முடிந்ததும் வண்டி அங்கிருந்து நகர்ந்தாக வேண்டும், நகராத வண்டி வண்டியே இல்லை, கடை. இதெல்லாம் சுத்தத்துக்கும் ஒழுங்குக்கும் என்று எனக்கும் புரிகிறது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவரே வண்டியில் நிற்க வேண்டும். லைசென்ஸை வாங்கி அடுத்தவனுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டில் காலாட்டுகிறவர்களைப் பிடிக்கப் போட்ட விதி. அதுவும் நியாயம்தான். சமையலுக்கு நிற்கிற இன்னொருவரை உதவியாளராகப் பதிந்துகொள்ளலாம். பெம்பாந்து என்பார்கள்.

எங்கள் வண்டியில் அக்காதான் உரிமையாளர், பாய் பெம்பாந்து. அக்காவின் நகைகளை விற்றுத்தான் அந்த வண்டி வந்தது. லைசென்ஸுக்கு எழுதும்போது அக்கா, "உங்க பேருலயே போடுங்க, நான் எங்க வந்து நிக்கப் போறேன்?" என்று சொல்லியிருக்கிறார். பாய் கேட்கவில்லை. "ஒன் கழுத்துல கெடந்ததுதான் இங்க சக்கரம் போட்டு நிக்குது. ஒன் பேருல இருந்தாத்தான் பரக்கத்து" என்றாராம். இதை வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் சொல்லுவார். "நான் இங்க கூலிக்காரன்தான்லா, மொதலாளி மேல இருக்கு" என்று மாடியைக் கை காட்டுவார். மனைவி பெயரில் எழுதுவது எங்கள் ஆட்களிடம் ஒரு மரியாதை, ஒரு ராசி. அதில் தப்பு நேரும் என்று யார் கண்டது?

பாய் ஒரு காலையில் பசாரில் கோழி வாங்கிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அன்று மாலையே அடக்கம் செய்தார்கள். அக்கா இத்தாவில் உட்கார்ந்தார். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே வராமல், நகை பூ எதுவும் இல்லாமல், வெளி ஆண்கள் முன் வராமல் இருப்பது அவர்கள் மார்க்கத்தின் வழக்கம். நான் பெண் என்பதால் போய்ப் பார்க்க முடிந்தது. வெள்ளை உடையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். "வண்டிய நிறுத்திப்புடாத புள்ள. பிள்ளைகளுக்கு வேற ஒண்ணும் இல்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நானும் நிறுத்தவில்லை. பாய் கையைப் பார்த்துப் பார்த்தே எனக்கு மீ பிரட்டத் தெரிந்திருந்தது. பெரிய வண்டி ஓட்ட எனக்கு லைசென்ஸ் இல்லை, டயர் கடைச் சீனரிடம் கெஞ்சி தினமும் கொண்டுவந்து விடவும் எடுத்துப் போகவும் வைத்தேன். ருசி கொஞ்சம் குறைவுதான். ஆனாலும் பழைய ஆட்கள் வந்தார்கள், பாய்க்காகவே வந்தார்கள்.

ஒரு நாள் வெள்ளைக் கார் தெருமுனையில் திரும்பியதைப் பார்த்ததும் என் கை தானாகப் போய் ஹாரனை அடித்துவிட்டது. இரண்டு முறை. அடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. அண்ணாந்து பார்த்தேன். திரைச்சீலை அசையவில்லை. அதிகாரி வந்து லைசென்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் எனக்குத் தெரிந்த மலாய் எல்லாவற்றையும் கொட்டி, பாய் போய்விட்டதையும் அக்கா இத்தாவில் இருப்பதையும் சொன்னேன். அவரும் முஸ்லிம்தானே. தொப்பியைக் கழற்றினார், பாய்க்காக வாய்க்குள் ஏதோ ஓதினார். பிறகு மெதுவாகச் சொன்னார், வாழ்வதற்குத் தேவை என்றால் பகலில் வெளியே வர மார்க்கமே இடம் கொடுக்கிறது, சோதனைக்கு வரும்போது அந்த அம்மா வந்து நின்றால் போதும், ஆள் இல்லை என்று எழுத எனக்கும் மனசில்லை, ஆனால் பக்கத்து வண்டிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இந்த இடத்துக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் தெரியுமா என்று. கெட்டவராக இருந்திருந்தால் மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். நல்லவராக இருந்து தொலைத்தார்.

அன்றைக்கு நான் மாடிக்குப் போய்ப் போட்ட சத்தம் கீழ்வீடு வரைக்கும் கேட்டிருக்கும். பள்ளிவாசல் ஹஜ்ரத்தையே போனில் கூப்பிட்டுக் கேட்டாயிற்று, அவரும் போகலாம் என்றுதான் சொன்னார். அக்கா அசையவில்லை.

"கூடும்னு எனக்கும் தெரியும் புள்ள. எனக்கு முடியல. ஹாரன் அடிச்சா அவங்க கூப்புடுறாங்கன்னுதான் எறங்கி வருவேன். இப்ப யாரு கூப்புடுறா?"

"நான் கூப்புடுறேன்லா! ஒங்க ரெண்டு பிள்ளைங்க வவுறு கூப்புடுது! எடத்த அடுத்தவனுக்குக் குடுத்துட்டா என்னக்கா பண்ணுவீங்க?"

அக்கா வெள்ளை முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். "அவங்களுக்குன்னு நான் செய்ய மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான். இதயும் பாதில எந்திரிச்சுப் போகச் சொல்றியா?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கினேன். படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அவரைப் பிடித்து நாலு அறை அறையலாம் போல இருந்தது. அவர் காலில் விழலாம் போலவும் இருந்தது. மறுபடி இரண்டு தடவை போய்க் கெஞ்சினேன். சின்னவளும் அழுதாள். அக்காவும் அழுதார், ஆனால் எழுந்திருக்கவில்லை.

அதிகாரி மறுபடி வந்தார், அதற்குப் பிறகும் வந்தார். ஒவ்வொரு முறையும் மாடியைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சுடன் எழுதிக்கொண்டு போனார். கடைசியில் வண்டியின் முன்கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மன்ற அலுவலகத்துக்கு ஓடினேன். மேல்முறையீடு செய்ய லைசென்ஸ் வைத்திருப்பவரே நேரில் வர வேண்டும் என்று சொல்லி என்னைத் திருப்பி அனுப்பினார்கள். லைசென்ஸ் ரத்தானது. வண்டியை அடுக்குமாடிக்குப் பின்னால் தள்ளி நிறுத்தினோம். எங்கள் கட்டத்தில் ஒரு வாஃபிள் வண்டி வந்து நின்றது, பளபளவென்று, பாட்டுப் போட்டுக்கொண்டு. சின்னச் சின்னப் பிள்ளைகள் நடத்தினார்கள். அவர்களைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை, அவர்களும் வரிசையில் நின்று வாங்கியவர்கள்தானே.

இத்தா முடிந்த மறுநாளே அக்கா என்னைக் கூப்பிட்டார். "வா புள்ள, பண்டாரானுக்குப் போலாம்" என்றார். மன்ற அலுவலகத்தை நாங்கள் பண்டாரான் என்றுதான் சொல்வோம். வெளி வெளிச்சத்தில் அவருக்குக் கண் கூசியது, என் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தார். கவுண்டரில் இருந்தது நம் தமிழ்ப் பெண். அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. கணவர் இறந்துபோனதை அக்கா சொன்னதும் அந்தப் பெண் "அச்சோ" என்று பதறினாள்.

"அப்படின்னா சூசா இல்லக்கா, கஷ்டமே இல்ல. ஓனர் எறந்துட்டா மனைவி பேருக்கு மாத்திக் குடுப்பாங்க, எடமும் அப்படியே இருக்கும். ரூல் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே கணினியில் தட்டினாள். திரையைப் பார்த்தவள் முகம் மாறியது. "லைசென் ஒங்க பேருலதான் இருந்திருக்கு. அவங்க வெறும் பெம்பாந்து." அப்புறம், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னாள்: "பெம்பாந்து எறந்தா ஒண்ணும் இல்லக்கா. வேற ஆளு பேரு போட்டுக்கலாம். காசுகூடக் கெடையாது."

பாய் தன் பெயரை எழுதியிருந்தால் அக்கா வீட்டில் உட்கார்ந்தபடியே எல்லாம் அக்காவுக்கு வந்திருக்கும். மனைவிக்கு மரியாதை செய்தார், அதனால் போயிற்று. உரிமையாளர் செத்திருந்தால் விதிக்கு இரக்கம் உண்டு. உரிமையாளர் உயிரோடு இருந்துகொண்டு வராமல் இருந்தால் அதற்குப் பெயர் அலட்சியம். இதை யாரிடம் போய்ச் சொல்லி முட்டிக்கொள்வது?

புதிதாக விண்ணப்பம் போடலாம், காத்திருப்பவர்களோடு காத்திருக்க வேண்டும் என்றாள் அந்தப் பெண். சரி என்றார் அக்கா. பெயர், முகவரி, வண்டி எண், என்ன விற்பீர்கள் என்று அவள் கேட்கக் கேட்க அக்கா சொன்னார். "பெம்பாந்து யாருக்கா?" என்று கேட்டாள். நான் ஊசி போட்ட அட்டையையும் வகுப்புக்குப் போன சான்றிதழையும் எடுத்துக் கையில் தயாராக வைத்திருந்தேன். அக்கா பாய் பெயரைச் சொன்னார். தகப்பனார் பெயரோடு, முழுதாக. அவருடைய அடையாள அட்டை ஐசி நம்பரையும் ஒரு எண் தடுமாறாமல் சொன்னார். அந்தப் பெண்ணும் மளமளவென்று தட்டிவிட்டாள். பிறகு அவள் விரல் நின்றது.

"அக்கா... இவங்க எறந்துட்டாங்கன்னு காட்டுதுலா."

"தெரியும்மா" என்றார் அக்கா. குரல் உயரவே இல்லை. "அதுக்குத்தான் நான் வண்டிக்கு வரல. அதை அதுல எழுதிக்கம்மா."

அந்தப் பெண் திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். உண்மையாகவே தேடினாள், அதை நான் பார்த்தேன். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "அதுக்கு எடம் இல்லக்கா" என்றாள்.

அந்த விண்ணப்பம் இன்னும் வரிசையில் இருக்கிறது. மூத்தவள் படிப்பை நிறுத்திவிட்டுத் துணிக்கடைக்குப் போகிறாள். அக்கா பெரிய பசாருக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவுகிறார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் கை வெளுத்து ஊறிக் கிடக்கும், "லைசென் வந்துருச்சா புள்ள?" என்றுதான் முதலில் கேட்பார். நான் வேறொரு வண்டியில் மீ பிரட்டுகிறேன். அதன் சொந்தக்காரி தங்கமான பெண், சம்பளம் தள்ளிப்போடுவதில்லை, முறைப்படி என் பெயரையும் பதிந்துவிட்டாள். உதவியாளர் என்ற இடத்தில் இப்போது என் பெயர் இருக்கிறது. நான் செத்தாலும் ஒன்றும் இல்லை. வேறு ஆள் பெயர் போட்டுக்கொள்ளலாம், காசுகூடக் கிடையாது.