நுண்ணோக்கிக்குப் பூசிய மஞ்சள்

என் நானோ துகள்கள் உயிருள்ள செல்லுக்குள் புகுந்து, அங்குள்ள அமிலத்துக்கேற்பப் பச்சையாக ஒளிர வேண்டும். மாதக்கணக்கில் ஒளிரவில்லை.

இன்று ஒளிர்ந்தது. செல்லே இல்லாத வெற்றுக் கண்ணாடியிலும்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து இன்றுதான் ஆய்வகம் திறந்தது. என் வழிகாட்டிப் பேராசிரியர் நுண்ணோக்கிக்கும் கண்ணாடித் தகடுகளுக்கும் தன் கையாலேயே மஞ்சள் பூசியிருந்தார்.

"சார், இது மஞ்சள் சார். நீல வெளிச்சம் பட்டா அதுவும் பச்சையாத்தான் தெரியும்."

"ஏம்மா, எம்புட்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தே? கும்பிட்டதுக்குப் பலன் வந்துருக்கு."

"வேற தகடு வச்சு ஒருதரம் பாத்துருவோம் சார்."

"நீ பாரு. நான் படத்த மாநாட்டுக்கு அனுப்பிட்டு வாரேன்."

அனுப்பியேவிட்டார். என் பெயரையும் சேர்த்து.

எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதுத் தகட்டில் பார்த்தேன். கும்மிருட்டு.

இப்போது கே.கே. நகர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதை வலைப்பதிவில் எழுதுகிறேன். அந்த இருட்டையும் படமெடுத்து, என் பெயரை நீக்கச் சொல்லி மாநாட்டுக்கு அனுப்பிவிட்டேன். நாளை எனக்கு ஆய்வகத்தில் இடம் இருக்குமா, தெரியாது.

அமிலத்தைக் காட்ட வேண்டிய துகள்கள் என்னுடையவை. நுண்ணோக்கி மேல் எலுமிச்சம்பழம் நசுக்காமல் விட்டாரே, அதுவரை சரி.

உங்கள் ஆய்வகத்தில் எதற்கெல்லாம் பொட்டு வைத்தார்கள்?