வெள்ளிக்கிழமை விடுமுறை

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் பெயர்ப்பலகையில் மூன்று வரிகள் உண்டு. ஊர்ப் பெயர், வேலை நேரம், அதற்குக் கீழே சிவப்பு மையில் வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆம்பூரைச் சுற்றியுள்ள தோல் கம்பெனிகளில் முக்கால்வாசிக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை என்பது எங்கள் ஊர் நாய்க்குக்கூடத் தெரியும். அந்த நூலகத்துக்கு மட்டும் தெரியாது. தெரிந்துகொள்ள அது விரும்பவும் இல்லை.

அப்போது நான் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைத்துக்கொண்டிருந்தேன். ஷூவின் மேல்பகுதியைத்தான் அப்பர் என்போம். காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் எங்கள் தெருமுனைக்கு வரும். மாலை ஏழேகாலுக்குத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கும். நூலகம் ஏழு மணிக்கு மூடிவிடும். வேன் நூலகத்தைத் தாண்டும்போது நூலகர் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை இழுத்தால் போதாது, மூன்று தடவை இழுப்பார். உள்ளே இருப்பது என்னமோ தங்கம் என்பதுபோல. இத்தனைக்கும் அவர் அந்த அலமாரிகளிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டி நான் பார்த்ததில்லை.

என் பக்கத்து மெஷினில் ஓர் அம்மாள். நாங்கள் எல்லோரும் அவரை ஆபா, அதாவது அக்கா, என்போம். அவர்கள் வீட்டில் உருது. தமிழ் எழுத்தை நாற்பது வயதுக்கு மேல் தானாகவே கற்றுக்கொண்டவர். பஸ் போர்டு, ஷூ அட்டைப்பெட்டி, மாத்திரை அட்டை என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்துப் பழகியவர். அவருக்குக் கதைப் புத்தகம் வேண்டும். அதுவும் தடியாக இருக்க வேண்டும்.

“மெல்லிசா இருந்தா ரெண்டு டீ டைம்ல முடிஞ்சிடுது. அப்புறம் வாரம் பூரா பேஜாரா இருக்குது” என்பார்.

ஒரு நாள் இருவரும் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு உறுப்பினராகச் சேரப் போனோம். நூலகர் நிமிர்ந்து பார்க்காமலே ஒரு படிவத்தை நீட்டினார். அதன் அடியில் அரசு அதிகாரி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

“எங்களுக்கு எந்த அதிகாரி சார் தெரியும்? சூப்பர்வைசர் போட்டா ஆவாதா?” என்று ஆபா கேட்டார்.

“இது கம்பெனி இல்லம்மா, நூலகம்” என்றார் அவர். அந்தச் சொல்லை அவர் சொன்ன விதத்தில் ஒரு கோபுரமே எழுந்து நின்றது. கோபுரத்துக்கு அடியில் அன்று இருந்தவர்கள் நாலு பேர். இரண்டு பேர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஃபேனுக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்தார். நாலாமவர் நூலகர்.

எங்களுக்குத் தெரிந்த பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அட்டையும் கிடைத்தது. ஆனால் அந்த அட்டையோடு போக எங்களுக்கு ஒரு நாள் வேண்டுமே. அதனால் மனு எழுதினேன். வெள்ளிக்கிழமை விடுமுறையை வேறு நாளுக்கு மாற்றுங்கள், அவ்வளவுதான் விஷயம். எங்கள் லைனிலும் பக்கத்து லைனிலும் இருந்த பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மறுபடியும் விடுப்பு எடுத்துக்கொண்டு போய், வரிசையில் நின்று கொடுத்துவிட்டு வந்தோம்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அலுவலக மொழியில் இருந்ததைச் சாதாரணத் தமிழில் சொல்கிறேன். உங்கள் கோரிக்கையை ஆராய்ந்தோம், வருகைப் பதிவேட்டைப் பார்த்தோம், வெள்ளிக்கிழமைகளில் ஒரு வாசகர்கூட வரவில்லை, ஆகவே அன்று நூலகத்தைத் திறக்கத் தேவை எழவில்லை.

டீ டைமில் அதை ஆபாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் வாங்கித் தானும் ஒருமுறை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“பூட்டி வச்சிருந்தா எவன் வருவான்?”

“அதத்தான் ஆபா ஆராய்ஞ்சி கண்டுபிடிச்சிருக்காங்க.”

“இதுக்கு ரெண்டு மாசமா?” என்றார். அதை எழுதியவர், தட்டச்சு செய்தவர், கையெழுத்திட்டவர், முத்திரை குத்தியவர் என்று நாலு பேராவது படித்திருப்பார்கள். படித்தவர்கள். ஒருவருக்குமா சிரிப்பு வரவில்லை?

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆபா எனக்குப் போன் செய்தார். “ஏ, லைப்ரரி தொறந்துக்குது. சீக்கிரம் வா. நம்ம பொண்ணுங்களுக்கும் சொல்லு.”

மனு பலித்துவிட்டது என்றே நினைத்தேன். பதினேழு பேர் போனோம், பாதிப் பேர் தலைக்குக்கூடக் குளிக்காமல். வாசலில் வாழைமரம், பந்தல், மைக். உள்ளே போன எங்களைப் பார்த்ததும் நூலகரின் முகம் மலர்ந்தது. வாழ்நாளில் முதல் முறை. “வாங்க, வாங்க, உக்காருங்க” என்று நாற்காலிகளைக் காட்டினார். அது நூலக விழா. மேலதிகாரி வருகிறார், நாற்காலிகள் காலியாக இருக்கின்றன, நாங்கள் வந்து சேர்ந்தோம். எங்களை எதற்கு வரவேற்றார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. பேனருக்கு எதிரே தலைகள் வேண்டும், அவ்வளவுதான்.

வாசகர் வட்டத் தலைவர் பேசினார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அந்த வட்டத்தில் அவரையும் நூலகரையும் தவிர மூன்றாவது ஆள் உண்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அரை மணி நேரம் பேசினார். வாசிப்பு செத்துவிட்டதாம். இந்தத் தோல் பட்டணங்களில் உழைக்கும் மக்களுக்குப் புத்தகத்தின் அருமை தெரியவில்லையாம். செல்போனே கதி என்று கிடக்கிறார்களாம். சொல்லிவிட்டு, சட்டைப்பையில் அடித்த தன் செல்போனை எடுத்து, “விழால இருக்கேன், அப்புறம் பேசு” என்றார். மைக்கிலேயே கேட்டது.

ஆபா எழுந்து நின்றார்.

“சார், இன்னிக்கு வெள்ளிக்கிழமை. தொறந்துட்டீங்க. எனக்கு ஒரு பொஸ்தகம் குடுங்க.”

நூலகர் ஓடி வந்தார். “அம்மா, இன்னிக்கு விழா. புத்தகம் குடுக்கல் வாங்கல் கிடையாது. பீரோ பூட்டியிருக்குது.”

“அந்த டேபிள்மேல இருக்கறது?”

மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை. புதுப் புத்தகங்களை அடுக்கி, மேலே ரோஜா இதழ்களைத் தூவி வைத்திருந்தார்கள். “அது காட்சிக்கும்மா” என்றார்.

“காட்சிக்கா?” என்றார் ஆபா. நடந்து போனார். ஒவ்வொரு புத்தகத்தையும் கையில் எடுத்து எடை பார்த்தார். இருப்பதிலேயே தடியானதை எடுத்து, ரோஜா இதழை ஊதித் தள்ளி, தன் அட்டையை மேசைமேல் வைத்தார். விருந்தினர்கள் கையெழுத்துப் போட வைத்திருந்த நோட்டில் தன் பெயரையும் புத்தகத்தின் பெயரையும் நிதானமாக எழுதினார். எழுத்துக் கூட்டி எழுதியதால் நேரம் பிடித்தது. பிறகு கதவைப் பார்த்து நடந்தார். நான் போய் ஒன்றை எடுத்து எழுதினேன். எனக்குப் பின்னால் மற்றவர்கள். மேடையில் இருந்த மேலதிகாரி, இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துக் கைதட்டினார். அவர் கைதட்டிய பிறகு நூலகரால் என்ன செய்ய முடியும்? அவரும் தட்டினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நூலகர் எங்கள் கம்பெனி கேட்டுக்கு வந்தார். வாட்ச்மேன் அவரிடம் ஒரு நோட்டை நீட்டி, யாரைப் பார்க்க வேண்டும், என்ன காரணம் என்று எழுதச் சொல்லியிருக்கிறார். டீ டைம் வரை உள்ளே விட முடியாது, வெளியே நில்லுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். நாங்கள் வந்தபோது தோல் ஏற்றி வந்த லாரியின் நிழலில், கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். எனக்குப் பரிதாபம் வரவில்லை. வந்திருக்க வேண்டுமோ என்று இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன், வரவில்லை.

“ஆடிட் வருதும்மா. பதினேழு புத்தகமும் வேணும்” என்றார்.

“இன்னும் முடிக்கல சார். வெள்ளிக்கிழமை வந்து குடுத்துட்றேன்” என்றார் ஆபா.

“வெள்ளிக்கிழமை லீவாச்சே.”

ஆபா டீயை ஊதி ஊதிக் குடித்தார். நூலகர் எங்களையும் வாட்ச்மேனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சரி. பின்பக்கமா வாங்க. பத்து மணிக்கு. யாருக்கும் சொல்லாதீங்க.”

போனோம். ஆபா புத்தகத்தை உடனே கொடுக்கவில்லை. “பீரோவத் தொறங்க. இன்னொண்ணு எடுத்துக்கினு இதக் குடுக்கறேன்” என்றார். மற்றவர்களும் அப்படியே. அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே கதை. இப்படித்தான் எங்கள் ஊர் நூலகம் வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் திறந்தது, கழிவறைக்குப் பக்கத்துப் பின்கதவு வழியாக, கள்ளத்தனமாக. மூன்று வருஷம். அலமாரியில் இருந்த தமிழ்க் கதைப் புத்தகங்களில் பாதியை அந்தக் கதவு வழியாகத்தான் நான் படித்தேன்.

இந்த மூன்று வருஷத்தின் முடிவில் அவருக்கு நல்ல நூலகர் என்று ஒரு பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. உழைக்கும் பெண்களிடையே வாசிப்பை வளர்த்தாராம். பிறகு பதவி உயர்வில் ராணிப்பேட்டைப் பக்கம் போனார். அடுத்து வந்தவர் சட்டப்படி நடப்பவர். முதல் வாரமே பின்கதவுக்குப் பூட்டு வாங்கினார்.

நான் தையலை விட்டு, ஒரு பத்திரிகையில் சேர்ந்து, எழுத ஆரம்பித்துச் சில வருஷங்கள் ஆகின்றன. போன மாதம் வேலூர் புது பஸ் ஸ்டாண்டில் அந்தப் பழைய நூலகரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. கூட இருந்தவரிடம் என்னைக் காட்டி, “இவங்க எழுத்தாளர். நம்ம லைப்ரரியில உருவானவங்க. நான்தான் படிக்க வச்சேன்” என்றார்.

எத்தனையோ வருஷமாக அவரிடம் சொல்ல வேண்டும் என்று வாக்கியங்களைச் சேர்த்து வைத்திருந்தேன். “ஆமாங்க சார்” என்றேன். கையைக்கூடக் கூப்பினேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, அவர்மேல் இத்தனை காலம் வைத்திருந்த இளப்பமெல்லாம் என்மேலேயே திரும்பியது.

ஆற்றாமல் ஆபாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“வுடு. அந்த ஆளுக்கு அது ஒண்ணுதான் பேசறதுக்கு இருக்குது, பேசட்டும். நீ இன்னா எழுதிக்கினு இருக்கற? தடியா வருமா?”

“சின்னதுதான் ஆபா.”

“சின்னதா?” என்றார் ஏமாற்றத்தோடு. “சரி, அனுப்பு.”