கப்பலுக்கு அடியில் வேலை

மகளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா சொல்லிக் காட்டுகிற குறை ஒன்று உண்டு. "கல்யாணம் பேசுறப்ப கப்பல்ல வேலைன்னாங்க. கப்பலுக்கு அடியில வேலைன்னு ஒருத்தரும் மூச்சு விடல!"

அப்பா வாய்விட்டுச் சிரிப்பார். கடற்படையில் அவர் டைவர். துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் அடியில் இறங்கி, ஒட்டிக்கிடக்கும் சிப்பியைச் சுரண்டுவார். கப்பலைத் தள்ளும் விசிறியில் சிக்கிய கயிற்றை அறுத்தெடுப்பார். விரிசல் விட்டிருக்கிறதா என்று தகட்டைத் தடவிப் பார்ப்பார். அந்தக் கலங்கல் தண்ணீரில் கண் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான், எல்லாம் விரல்தான் பார்க்க வேண்டும் என்பார்.

அம்மாவின் குறைக்குக் காரணம் இருந்தது. சிறுவயதில் அவள் கண்ணெதிரே அவளுடைய தம்பி கல்குவாரிக் குட்டையில் மூழ்கிப் போனான். அதற்குப் பிறகு வாளித் தண்ணீரைப் பார்த்தாலும் அவள் ஓரடி விலகித்தான் நிற்பாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவர் தண்ணீருக்குள்ளேயே குடியிருந்தார். மகள் பிறந்து, லீவில் வந்த அப்பா குழந்தையைக் கையில் வாங்கியதும் அம்மா முதலில் கேட்டது இதைத்தான்: "உங்களைத் தடுக்க என்னால முடியாது. இவளையாவது தண்ணியில இறக்கமாட்டேன்னு சொல்லுங்க." அவரும் சரியென்றார். குழந்தையைப் பார்த்த மகிழ்ச்சியில் வேறு எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்.

ஓய்வு பெற்று வந்தவருக்கு நகராட்சி நீச்சல் குளத்தில் வேலை கிடைத்தது. காலையில் தண்ணீரில் மிதக்கும் சருகை அள்ளி, மருந்து கலந்து, பிறகு கழுத்தில் விசிலோடு கரையில் நிற்க வேண்டும். பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தருவதும் அவர்தான். விசில் மாமா என்றால் அந்த ஊரில் தெரியாத வீடு கிடையாது. டாக்டர் பிள்ளை, இட்லிக்கடைக்காரர் பிள்ளை என்ற பேதமெல்லாம் அவரிடம் இல்லை. எல்லோருக்கும் ஒரே அதட்டல். "காலை உதறு! காலை உதறு! கால் என்ன வாடகைக்கா வாங்கிட்டு வந்தே?"

மகள் மதியச் சாப்பாட்டைக் கேரியரில் கொண்டுபோய்க் கம்பிவேலிக்கு வெளியே நிற்பாள். உள்ளே அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் தொபுக்கடீரென்று குதித்துக்கொண்டிருப்பார்கள். அப்பா ஈரக்கையோடு வந்து கேரியரை வாங்கிக்கொள்வார். அந்த நேரத்தில் மட்டும் அவள் முகத்தைப் பார்க்கமாட்டார்.

ஒருமுறை சித்தி வீட்டுக் கல்யாண வேலையாக அம்மா ஒரு வாரம் வெளியூர் போயிருந்தாள். தனக்கும் நீச்சல் சொல்லித்தர வேண்டுமென்று மகள் விடவில்லை. அழுதாள், சாப்பிட மறுத்தாள், ஆறாம் வகுப்புக்கே உரிய அத்தனை அஸ்திரங்களையும் எடுத்து விட்டாள். குளத்தைப் பூட்டும் நேரத்தில் அப்பா அவளை உள்ளே அழைத்துப் போனார். படிக்கட்டில் உட்காரவைத்துக் காலை நனைக்கச் சொன்னார். அவள் மெல்ல வழுக்கி அடுத்த படியில் இறங்கினாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்து அவள் சிரித்த சிரிப்பு எதிர்ச் சுவரில் மோதித் திரும்பியது.

அப்பா சட்டென்று அவளைத் தூக்கிக் கரையில் நிறுத்தினார்.

"வேணாம் பாப்பா. அவ இல்லாத நேரம் பார்த்து ஏமாத்தறது நல்லால்ல."

"ஊருக்கெல்லாம் சொல்லித் தர்றீங்க. நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்?"

அவர் துண்டால் அவள் காலைத் துடைத்துவிட்டார், அவ்வளவுதான். அந்தக் கோபத்தில் அவள் ரொம்ப நாள் கேரியர் தூக்கவில்லை.

காலம் ஓடியது. மகள் படித்து, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குப் போனாள். கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடியேறினாள். அம்மா நோயில் விழுந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது அவள்தான். ஒருநாள் அம்மா, கஞ்சி ஊட்ட வந்த அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அவளுக்கு நீங்க சொல்லிக் குடுத்திருக்கலாம். என் பயத்தை அவ தலையில கட்டிட்டேன்." அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அம்மா போன பிறகு, அடுத்த கோடையில், அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஞாயித்துக்கிழமை காலையில குளத்துல கூட்டம் இருக்காது. வர்றியாம்மா?"

"நல்ல ஆளுப்பா நீங்க! நரைக்கப்போற வயசுல நீச்சலா? ஊரே கைகொட்டிச் சிரிக்கும்."

அவரும் கூடவே சிரித்தார். அடுத்த கோடையிலும் கேட்டார். அவளுக்கு ஞாயிறு டியூட்டி. அதற்கடுத்த வருஷம் குளத்தை ஓடு மாற்றுவதற்காக வற்றவைத்துப் போட்டிருந்தார்கள். மறுபடி தண்ணீர் விட்டபோது அப்பாவுக்கு மூச்சிரைப்பு. தண்ணீரில் இறங்கவே கூடாது என்றார் டாக்டர்.

அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. "நான் வரேன்ப்பா. நீங்க கரையில நின்னு சொல்லுங்க, போதும்."

"கரையில நின்னு எப்படிம்மா? முதுகுக்குக் கீழ ஒரு கை இருக்குன்னு தெரிஞ்சாத்தான் உடம்பு நம்பி மிதக்கும்." பிறகு அவள் முகம் வாடுவதைப் பார்த்து, "சரி விடு. உடம்பு தேறட்டும்" என்றார்.

தேறவில்லை. மழைக்காலம் முடியும்முன், ஒரு காலையில், செய்தித்தாளை மடியில் விரித்தபடி நாற்காலியிலேயே போய்விட்டார்.

துக்கத்துக்கு வந்தவர்களில் தடியூன்றிய பெரியவர் ஒருவர் இருந்தார். அப்பா தண்ணீருக்குள் இறங்கும்போது அவர் இடுப்பில் கட்டிய உயிர்க்கயிற்றை மேலே பிடித்துக்கொண்டு நின்ற கூட்டாளி. அவள் தலையைத் தடவிவிட்டு, ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று தேடிச் சொன்னார்:

"நீ மீன் மாதிரி நீந்துவியாமேம்மா! போன்ல பேசும்போதெல்லாம் அவனுக்கு அந்தப் பெருமைதான். 'நான் சொல்லித் தந்ததுலேயே என் பொண்ணுதான் நம்பர் ஒன்'னு சொல்வான்."

பொய்க்கும் அப்பாவுக்கும் ஏழாம் பொருத்தம். அப்படிப்பட்டவர் இத்தனை வருஷம் இப்படி ஒன்றைச் சொல்லி வந்திருக்கிறார். கணவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஆமா மாமா" என்றாள்.

பெரியவர் இப்போதும் அவ்வப்போது போன் செய்கிறார். உடம்பு எப்படி, வேலை எப்படி என்று கேட்டுவிட்டு, "நீச்சலை மட்டும் விட்றாதே" என்பார். அவளும் சரி மாமா என்பாள். அந்த வாய்ச்சொல்லை மெய்யாக்கிவிடலாம் என்று குளத்தில் பெண்களுக்கான நேரத்தில் போய்ச் சேர்ந்தும் பார்த்தாள். சொல்லித்தருகிற பெண் அப்பாவிடம் படித்தவள், தங்கமான பிள்ளை. "சும்மா சாயுங்கக்கா, முதுகுக்குக் கீழ நான் கை வச்சுக்கறேன்" என்று எவ்வளவோ சொன்னாள். மகளால் கடைசிப் படியை விட்டு இறங்க முடியவில்லை. பயமா என்று அந்தப் பெண் கேட்டாள். பயமில்லை என்று சொல்லிவிட்டு, அவள் உடை மாற்றும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.