ஆளில்லாத ஊரைக் காட்டி என்னைக் குடிவரச் சொன்ன மனுசன்

இண்டைக்குப் பாலைவனத்தில செருப்பைக் கழட்டினன்...

(பொறுங்கோ, ஏன் அங்க போனனெண்டு முதல்ல சொல்லுறன்.)

என்ர மனுசன் நர்ஸ். சிட்னியில கசுவல் ஷிஃப்டுக்கு ஓடி ஓடிக் களைச்சவர். இப்ப முதல்முதலா ஒரு நிரந்தர வேலை கிடைச்சிருக்கு.

எங்க? புரோக்கன் ஹில்லில! பாலைவனத்துக்குப் பக்கத்தில!

நாளைக்கு ஓமோ இல்லையோ எண்டு பதில் சொல்லவேணும். நான் சிட்னியில எங்கட பரமட்டாவை விட்டு அசையமாட்டன் எண்டு நிண்டனான். கோயில், தமிழ்க்கடை, சிநேகிதியள் எல்லாம் அங்கதானே!

"ஒருக்கா வந்து பாரும். உமக்குப் பிடிக்கேல்லையெண்டா நானே வேண்டாமெண்டு சொல்லுறன்" எண்டார்.

சரியெண்டு வந்தா, காலமை என்னை எங்க கூட்டிக்கொண்டு போனவர் தெரியுமோ?

சில்வர்டன். வெள்ளிச் சுரங்கம் படுத்தாப்பிறகு சனம் வீட்டையே கழட்டி ஏத்திக்கொண்டு போன ஊர்!

(மனுசியைக் குடிவரச் சொல்லிப்போட்டு, சனம் ஓடின ஊரைக் காட்டுற ஒரே ஆள் என்ர ஆள்தான்!)

செம்மண்ணில அங்கொண்டும் இங்கொண்டுமாக் கல்லு வீடுகள். ஒரு பழைய சேர்ச். ஒரு பப். ரோட்டில சனத்தை விடக் கழுதை கூட! ஒண்டு கார் ஜன்னலுக்குள்ளால தலையை விட்டு நான் சாப்பிட மடியில வச்சிருந்த ரோல்ஸை மணந்து பாத்தது.

"இஞ்சருங்கோ, எங்கட அயலட்டை இவைதானோ?" எண்டன்.

மனுசன் சிரிக்கேல்லை. பாவம்.

ஆனா பொய் சொல்லக்கூடாது, என்ன வடிவான இடம்! அவ்வளவு பெரிய வானத்தை நான் கண்டதே இல்லை. கோவத்தை மறந்து கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டனான்.

பின்னேரம் புரோக்கன் ஹில்லுக்குப் பக்கத்தில ஒரு குன்று ஏறினம். உச்சியில, பல நாட்டுச் சிற்பிகள் வந்து செதுக்கின பெரிய பெரிய கல்லுகள். சுத்திவரப் பாலைவனம். சூரியன் இறங்க இறங்க எல்லாக் கல்லும் செம்மஞ்சளாப் போச்சு.

என்ர கால் தானாச் செருப்பைக் கழட்டிட்டுது!

"இது கோயில் இல்லையப்பா!" எண்டார் இவர்.

"தெரியும். போட்டுக்கொண்டு நிக்க மனம் வரேல்லை." (வலமும் வந்தனான். சிரிக்காதேங்கோ. முள்ளுக் குத்தினது தனிக்கதை.)

பின்னால வந்த வெள்ளைக்காரச் சோடி என்ர செருப்பைப் பாத்திச்சினம். பிறகு தங்கட சப்பாத்தையும் கழட்டிச்சினம்! அவைக்குப் பின்னால வந்தவையும்! கொஞ்ச நேரத்தில நல்லூர்த் திருவிழா மாதிரி ஒரு செருப்பு வரிசை!

"இஞ்ச கழட்டவேணுமெண்டு எனக்குத் தெரியாமப் போச்சே" எண்டு அந்த மனுசி என்னட்ட மன்னிப்புக் கேட்டா. அவ இந்த ஊர்க்காரியாம்!

எனக்கு வெக்கமாப் போச்சு. "ஐயோ, சட்டமொண்டும் இல்லை. எங்கட பழக்கம்" எண்டன்.

"நல்ல பழக்கம். மண் சூடு காலுக்கு இதமா இருக்கு" எண்டு அப்பிடியே நிண்டா.

சூரியன் மறையுமட்டும் எல்லாரும் வெறுங்காலோட நிண்டம். எனக்குக் கண் கலங்கிட்டுது. முன்பின் தெரியாத சனம், ஆனா தனிய நிக்கிற மாதிரியே இல்லை.

இறங்கேக்க அவ கேட்டா, "சும்மா சுத்திப் பாக்க வந்தனீங்களோ?"

இவர் மூச்சு விடாமல் என்ர முகத்தையே பாத்தார்.

நான் அவவிட்டத் திருப்பிக் கேட்டன், "உங்கட ஊர் இரவுக் குளிருக்குக் கறிவேப்பிலை தாக்குப் பிடிக்குமோ?"

அவவுக்கு ஒண்டும் விளங்கேல்லை. இவருக்கு எல்லாம் விளங்கிட்டுது. குன்றிலயே குந்திட்டார்!

இந்தப் பாலைவனப் பக்கம் இருக்கிற எங்கட ஆக்களே, கெதியாச் சொல்லுங்கோ: கறிவேப்பிலையைச் சாடியில வைக்கிறதோ, நிலத்தில நடுறதோ?