ஐம்பத்தாறைப் பற்றி நான் எழுதியது

கட்டுரை கேட்டு வந்தவளை அன்றைக்கே வாசலோடு திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். எனக்கு அந்தப் புத்தி இல்லாமல் போயிற்று.

பாறசாலையில் ஒரு பாரலல் காலேஜில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். கல்லூரியில் இடம் கிடைக்காத பிள்ளைகள் வந்து படிக்கும் ஓலைக்கொட்டகை அது. அவள் மலையாளம் எடுத்தாள், நான் சரித்திரம். என்னைவிட நாலு வயது மூத்தவள் என்பதால் சேச்சி என்று கூப்பிடுவேன். ஆறு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறோம். எங்கள் ஊர் வாசகசாலை தொடங்கியது ஐம்பத்தாறில். தொண்ணூற்றாறில் அதற்கு நாற்பதாம் ஆண்டு மலர் போடத் தீர்மானித்து, சேச்சியை ஆசிரியராக்கினார்கள். வாசகசாலை பிறந்த வருடத்தில் உலகத்தில் என்னவெல்லாம் நடந்தது என்று மலையாளத்தில் நான் எழுதித் தர வேண்டும் என்றாள்.

தலைகால் புரியாத சந்தோஷம் எனக்கு. அச்சில் என் பெயர் வரப்போகிறதே! திருவனந்தபுரத்துக்கு மூன்று முறை பஸ் ஏறிப்போய், தும்மித் தும்மிப் பழைய பத்திரிகைகளைப் புரட்டினேன். அடேயப்பா, என்ன வருடம் அது! சூயஸ் கால்வாய் தன்னுடையது என்று எகிப்து அறிவிக்க, பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் படையோடு போய் இறங்கின. ஹங்கேரியில் தெருவுக்கு வந்த ஜனங்களைச் சோவியத் டாங்கிகள் நசுக்கின. மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நம் ஹாக்கி அணிக்குத் தங்கம், கால்பந்தில் நாலாவது இடம். அரியலூரில் ரயில் ஆற்றில் விழுந்தது. நவம்பர் முதல் தேதி கேரளம் பிறந்தது. விளவங்கோடும் கல்குளமும் மதராஸோடு போயின, பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் இந்தப் பக்கம் கேரளத்திலேயே நின்றுவிட்டன.

அப்பாவுக்கு அந்த வருடம் என்றால் இந்தக் கடைசிச் சங்கதி மட்டும்தான். அவர் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு வியாபாரம் செய்தவர். எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று வாலிபத்தில் ஊர்வலம் போய், போலீஸ் அடித்து முழங்கால் மடங்காமல் ஆனவர். எல்லை வகுத்த பிறகு, இந்தப் பக்கம் அடிபட்டவர்களைத் தலைவர்கள் ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது அவருடைய தீராத ஆத்திரம். கட்டுரை விஷயம் காதில் விழுந்த நாளன்று சேச்சியும் எங்கள் வீட்டில்தான் இருந்தாள், கிழங்கும் மீன்கறியும் தின்றுகொண்டு.

"நம்ம ஆளுக அடி கொண்டது ஒரு எடத்திலயும் எழுதிக் கெடக்கல்ல மக்களே. ஒரு வரி போட்டா மதி," என்றார் அப்பா. அதுவரை அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

"போடாம பின்ன? நான் போடுதேன் அப்பா," என்று வாக்குக் கொடுத்தது சேச்சி. அவர் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள், கண் கலங்கினாள், எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டாள். அதை நடிப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. வயிறு எரிவது அதனால்தான். அப்பா ஒரு வரி கேட்டார், நான் ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மந்திரி வந்து மலரை வெளியிட்டார். அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "வாசி மக்களே," என்றார்.

அவருக்கு மலையாளப் பேச்சு தண்ணீர்பட்ட பாடு. ஆனால் மூன்று வகுப்பு படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், மலையாள எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. எங்கள் பக்கம் அப்படி எத்தனையோ பேர் உண்டு. நான் வாசித்துக்கொண்டே வந்தேன். சூயஸ் இருந்தது. ஹங்கேரி இருந்தது. ஹாக்கித் தங்கமும் இருந்தது. அப்பாவின் பத்தி இல்லை. அந்த இடத்தில், நான் எழுதாத ஒரு வரி: எல்லைப்புற மக்கள் புதிய மாநிலத்தை ஆரவாரத்தோடு வரவேற்றார்கள். கட்டுரைக்குக் கீழே என் பெயர்.

அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். நிறுத்த முடியவில்லை. நான் எழுதியிருந்த பத்தியை, அச்சில் இருப்பதுபோலவே, மனப்பாடமாகச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அப்புறம், "அது எங்க கெடக்கு? விரல வச்சுக் காட்டு," என்றார். அந்தப் பொய் வரியின்மேல் விரலை வைத்தேன். அவர் பேனா வாங்கி அதன் அடியில் கோடு போட்டார்.

மறுநாள் காலேஜில் சேச்சியைப் பிடித்தேன்.

"கமிற்றிக்காரங்க பயந்தாங்க மோளே. மந்திரி வாற நேரத்தில இது வேணுமான்னு கேட்டாங்க."

"வெட்டுனது ஆரு?"

"நான்தான்."

"எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"சொன்னா நீ கட்டுரைய திரும்ப வாங்கியிருப்பே." பிறகு என் தோளைத் தட்டி, "அப்பாக்கு வாசிக்கத் தெரியாதுல்லா? அங்க போய் ஆரு சொல்லப் போறா?" என்றாள்.

பாவி! எங்கள் வீட்டில் உண்டவள்! நான் போட்ட சத்தத்தில் பிள்ளைகள் வகுப்பைவிட்டு வெளியே வந்து பார்த்தார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தவளுக்கு, இறங்கும்போதுதான் உறைத்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தானே முந்தின நாள் நானும் விரலை வைத்தேன்.

அப்பா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அம்மாதான் அடுக்களையில் வைத்துச் சொன்னாள். காலையில் மலரைச் சந்தை டீக்கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். கோடு போட்ட வரியை எல்லாரும் கேட்கும்படி உரக்க வாசிக்கக் கடைக்காரரிடம் கொடுத்திருக்கிறார். அவர் வாசித்திருக்கிறார். கடையே சிரித்திருக்கிறது. "ஆரவாரத்தோட நீரும் வரவேற்கப் போனீரா ஓய்?" என்று எவனோ கேட்டானாம்.

நான் கட்டிலருகில் போய் நின்று, சேச்சி செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டினேன். அழுதேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார், திரும்பவில்லை.

"அவ வெட்டுனா, செரி. அவளுக்கு நான் ஆரு?" என்றார். சுவரைப் பார்த்தபடியே, "நீ எனக்க மொவளாக்கும். நீ எதுக்கு அங்க விரல வச்ச?" என்றார்.



அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தார். என்னோடு பேசாமல் இருந்தார் என்றில்லை. சாப்பிட்டியா என்று கேட்பார், மழை வருது துணியை எடு என்பார். ஆனால் கரண்ட் பில்லோ பஞ்சாயத்துக் கடிதமோ, மலையாளத்தில் எது வந்தாலும், காலை இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் அங்கேதான் வாசிக்கச் சொல்வார். நான் வீட்டுக்குள்ளேயே இருப்பேன்.