டகோட்டாவுக்கு இரண்டு சுண்டைக்காய்

கண்ணுங்களா, நம் வீட்டுக்கு விமானம் வந்த நாள் உங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகவே நினைவிருக்கும். மறுநாள் காலையில் நான் செய்தது மட்டும் தெரியாது. அதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

பெரியவளே, பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தாயே, என்ன வேண்டும் என்று கேட்டேன். மற்ற பிள்ளைகள் மாதிரி போன் கேட்கவில்லை நீ. "டகோட்டா வேணும்ப்பா" என்றாய். அந்தக் காலத்துப் பட்டாள விமானம், உலோகத்தில் வார்த்த சின்ன மாடல் என்று படம் காட்டினாய். கடத்தூருக்குப் போய்ப் பார்சலை வாங்கி வந்தேன். பெட்டி சின்னதுதான்; தூக்கினால் படிக்கல் கனம். நீ பிரித்து மேசைமேல் வைத்ததும் ஒரு தடவை கையில் வாங்கிப் பார்க்க எனக்கு ஆசை.

"தொடாதீங்கப்பா, கையெல்லாம் கிரீசு."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன். முன்னால் இரண்டு சக்கரம், வாலுக்கடியில் ஒரு குட்டிச் சக்கரம். வத்தல்மலை வளைவில் லோடோடு ஏறுகிற வண்டி போல மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"இதுல குண்டு போடுவாங்களாக்கா?" என்றான் சின்னவன்.

"இல்லடா. அரிசி மூட்டை, மருந்து, ஜீப்பு, ஆளுங்க, எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போவும்."

"அப்ப லோடு வண்டின்னு சொல்லு! நம்ம மினி லாரிக்குப் பங்காளி" என்றேன் நான்.

வண்டி என்ற வார்த்தை அடுப்படிக்குக் கேட்டுவிட்டது. "நம்ம வூட்டுக்கு வந்த எந்த வண்டி எலுமிச்சம்பழம் நசுக்காம நகந்துச்சு?" என்று உங்கள் அம்மா வந்து நின்றாள்.

"அய்யோ அம்மா, குங்குமம் பட்டா பெயிண்டு போயிடும். பழம் சக்கரத்தவிடப் பெருசு!"

"பொட்டு வேணாம், வுடு. இந்தா, அது சைசுக்குப் பழம்." குழம்புக்கு எடுத்து வைத்திருந்ததில் இரண்டு சுண்டைக்காயை நீட்டினாள்.

நீ சிரித்துவிட்டாய். "சரி, அப்பாவே ஓட்டட்டும். கையக் கழுவிட்டு வாங்க டிரைவரே."

சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். இத்தனை வருடம் வண்டி ஓட்டியவன், அன்றைக்கு இரண்டே விரலால் விமானத்தின் வாலைப் பிடித்தேன். சக்கரம் ஒடிந்தால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? முன்சக்கரத்துக்கு ஒன்றாகச் சுண்டைக்காயை வைத்து மெல்லத் தள்ளினேன். சுண்டைக்காய் நசுங்கவில்லை. ஒன்று வழுக்கிக் கட்டிலுக்கடியில் ஓடியது. இன்னொன்று எகிறிச் சின்னவன் மூக்கில் பட்டு, அதுவும் கட்டிலுக்கடியில் உருண்டது.

"மொத லோடு எறங்கிடுச்சுடோய்!" என்று கத்தினாய். உங்கள் அம்மா சிரித்துச் சிரித்து உட்கார்ந்தே விட்டாள். விமானத்துக்கு ஒரு கீறல் இல்லை.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அது ரோட்டுக்குப் போகாது, வானத்துக்கும் போகாது, தெரியும். ஆனாலும் பழம் நசுங்காத வண்டி வீட்டில் நிற்கிறதே.

மறுநாள் நீங்கள் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, கட்டிலுக்கடியில் தவழ்ந்து அந்த இரண்டு சுண்டைக்காயையும் தேடி எடுத்தேன். வாசலில் நின்ற மினி லாரியின் முன்சக்கரங்களுக்கு அடியில் ஒவ்வொன்றாக வைத்தேன். பங்காளிக்காகப் பங்காளி நசுக்கினால் ஆகாதா? ஏறி உட்கார்ந்து, முதல் கியர் போட்டு ஒரு முழம் நகர்த்தினேன். இறங்கிக் குனிந்து பார்த்தேன். இரண்டும் நசுங்கியிருந்தன.